கொங்குச் சமவெளியில் பனிக்கால கேரட்

கேரட்டுக்குக் கிழங்கு திரண்டு நிறமேற 16 முதல் 21 டிகிரி குளிர்ச்சி நல்லது. அதனால் கோவை, ஈரோடு பக்கம் ஐப்பசிக் கடைசியில் விதைத்தால் மார்கழி, தைப் பனியில் கிழங்கு பருக்கும்.

மண்தான் பாதி வேலை. சரளையோ சுக்கான் கல்லோ இருந்தால் வேர் கவடு கவடாகப் பிரியும். பச்சைச் சாணம் போட்டாலும் அப்படித்தான். கரிசல் மண்ணில் நேரடியாக விதைக்கவே வேண்டாம். ஓரடி உயர மேட்டுப்பாத்தி எடுத்து, செம்மண், மணல், நன்கு மக்கிய எரு கலந்து நிரப்புங்கள். நாற்று நட்டால் வேர் கோணிக்கொள்ளும், விதையை நேராக ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் தூவுங்கள். முளைக்க இரண்டு வாரம் வரை ஆகும். அதுவரை ஈரச் சாக்கால் மூடி, முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

விரல் உயரம் வந்ததும் 5 சென்டிமீட்டருக்கு ஒரு செடி நிற்கும்படி மீதியைப் பிடுங்கிவிடுவது கட்டாயம். மனசு கேட்காமல் விட்டால் வெறும் தழைதான் மிஞ்சும். காயவிட்டு ஒரேயடியாகத் தண்ணீர் பாய்ச்சினால் கிழங்கு வெடிக்கும். வெளியே தெரியும் தலைப்பகுதி பச்சையாகிக் கசக்கும், மண் அணையுங்கள்.

90 முதல் 100 நாளில் பிடுங்கலாம். தழையை உடனே கிள்ளிவிடுங்கள், இல்லையேல் கிழங்கின் ஈரத்தை அது இழுத்துவிடும். கழுவாமல், கிழங்குகள் ஒன்றையொன்று தொடாதபடி ஈரமணல் பெட்டியில் அடுக்கி, குளிர்ந்த இருட்டறையில் வையுங்கள். நம்மூர் வெப்பத்தில் மாசிக்குப் பிறகு ஃபிரிட்ஜ்தான் சரி. பக்கத்தில் ஆப்பிள் இருக்கக் கூடாது, அதன் வாயு கேரட்டைக் கசப்பாக்கும்.