கண்காட்சி அழைப்பிதழை ஜிம்ப்பில் நீங்களே செய்யலாம்

சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமியிலோ சோழமண்டலம் ஓவியர் கிராமத்திலோ படங்களை மாட்டப் போகிறீர்கள் என்றால், அழைப்பிதழுக்காக போட்டோஷாப் சந்தா கட்ட வேண்டியதில்லை. ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். திறந்ததும் மிரட்டும்தான். ஆனால் இந்த வேலைக்கு அதில் நாலைந்து கருவிகள் போதும்.

ஓவியத்தை மொட்டை மாடி வெயிலில் வைத்துப் படம் எடுக்காதீர்கள், வார்னிஷ் பளபளக்கும். நேர்வெயில் விழாத வராந்தா நல்லது. டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள்: இரண்டு ஒளி கலந்தால் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் விழும், அதைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. ஓவியத்தை ஒட்டி ஒரு வெள்ளை ஏ4 தாளையும் வைத்து எடுங்கள்.

ஜிம்ப்பில் முதலில் நிறம். கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் திறந்து, வெள்ளைப் புள்ளிக்கான சொட்டுக்குழாயால் தாளின் மேல் கிளிக் செய்தால் நிறச்சாயம் விலகும். ஒன்றுமே மாறவில்லையா? படத்தில் தாள் ஏற்கெனவே முழுசாக வெளுத்துவிட்டது. வெளிச்சத்தைக் குறைத்து மறுபடி எடுங்கள்.

அடுத்து கோணல். ஷிஃப்ட்+பி அழுத்தினால் பெர்ஸ்பெக்டிவ் கருவி வரும். அதில் டைரக்‌ஷனை கரெக்டிவ் என்றும், கிளிப்பிங்கை கிளிப் என்றும் மாற்றி, நான்கு முனைகளையும் ஓவியத்தின் நான்கு மூலைகளில் வைத்து டிரான்ஸ்ஃபார்ம் கொடுங்கள். பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஓவியம் இப்போது போட்டோவின் சட்டம் முழுவதையும் நிரப்பும்; அதாவது போட்டோவின் விகிதம் ஓவியத்துக்கு வந்துவிடும். செங்குத்தாக எடுத்த செல்போன் படம் பெரும்பாலும் 3:4. 18×24 அங்குல கேன்வாஸ் தப்பித்துவிடும், 24×36 அகலமாக உப்பும். இமேஜ் மெனுவின் ஸ்கேல் இமேஜில் சங்கிலிக் குறியை அவிழ்த்து, 24×36-க்கு 2000×3000 பிக்சல் என்று கொடுத்தால் உண்மையான விகிதம் திரும்பிவிடும்.

எழுத்துக்கு யூனிகோட் எழுத்துருதான் வேண்டும். முக்தா மலர், கேட்டமரன், நோட்டோ செரிஃப் தமிழ் எல்லாமே இலவசம். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பழைய வாசகத்தை ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். மறுபடி தட்டச்சு செய்வதே சுலபம். எழுத்தை ஓவியத்தின் மேலேயே ஏற்றாமல் கீழே ஒரு பட்டை விடுங்கள். விற்க வேண்டியது ஓவியம்.

சேவ் கொடுத்தால் கிடைப்பது ஜிம்ப்பின் சொந்தக் கோப்பான எக்ஸ்சிஎஃப். அதை வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்குத் தேதி மாறலாம். வெளியே அனுப்ப எக்ஸ்போர்ட் ஆஸ்: ஜேபெக், தரம் 90. இன்ஸ்டாகிராமுக்கு 1080×1350. வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும்.

அச்சுக்கு ஏ5 என்றால், சுற்றிலும் வெட்டுக்கு 3 மி.மீ. சேர்த்து, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1819×2551. திரையில் மின்னும் நீலமும் பச்சையும் நான்கு மை அச்சில் மங்கும். மொத்த ஆர்டருக்கு முன், அதே தாளில் ஒரு பிரதி எடுத்துத் தரச் சொல்லி ஓவியத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.