ஸ்லிங் ஸ்டட் ஆடுகிறதா? திருகை விடுங்கள், துளையைப் பாருங்கள்

அமெரிக்காவில் நவம்பர் மான் வேட்டைக்காகப் பழைய ரெமிங்டன் 700, வின்செஸ்டர் 70 மாதிரி வால்நட் கட்டைத் துப்பாக்கியை வெளியே எடுப்பவர்கள் ஸ்லிங் என்ற தோள்வாரை மாட்டும்போதுதான் கவனிப்பார்கள், அந்த வார் கோக்கப்படும் பின்பக்கத் திருகுக்குமிழ், அதாவது ஸ்டட், லேசாக ஆடும். ஸ்கோப்போடு சேர்த்து நாலு கிலோ கனம், நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் அந்த ஒரு திருகை இழுக்கிறது. அது பிடுங்கிக்கொண்டு வந்தால் துப்பாக்கி நேரே பாறையில் விழும். அதனால் "இந்த சீசன் மட்டும் ஓடட்டும்" என்று விடாதீர்கள்.

வேலையைத் தொடங்கும் முன் குண்டு எதுவும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள், போல்ட்டையும் (குண்டை அறைக்குள் தள்ளிப் பூட்டும் உலோகப் பாகம்) கழற்றி வையுங்கள்.

பலர் செய்யும் முதல் தவறு, இன்னும் தடிமனான திருகைப் போட்டு முறுக்குவது. கெட்டுப்போனது திருகு இல்லை, அதைப் பிடித்திருந்த மரம். நைந்த மரத்துக்குள் பெரிய திருகைத் திணித்தால் கட்டையின் அடிவிளிம்பு நார் ஓட்டத்தோடு பிளந்துவிடும், அப்புறம் அது தச்சு வேலையாகிவிடும். பல்குச்சியும் சூப்பர் குளுவும் ஒரு வாரம் தாங்கும், அவ்வளவுதான்.

மரமுளை அடித்து அடைப்பது நல்ல யோசனைதான், ஆனால் கடையில் வாங்கும் முளையில் நார் நீளவாக்கில் ஓடும், அதன் தலையில் திருகு இறங்கும்போது நாருக்கு இணையாகப் போவதால் பிடிப்பு குறைவு. நான் எபாக்ஸியையே, இரண்டு பொருளைக் கலந்ததும் கல்லாக இறுகும் அந்தப் பசையையே நம்புவேன். துளையின் வாயை அப்படியே விட்டுவிட்டு உள்ளே மட்டும் கொஞ்சம் அகலமாகக் குடைந்தால், இறுகிய எபாக்ஸி ஆப்பு மாதிரி உள்ளேயே மாட்டிக்கொள்ளும், வெளியே வர வழியே கிடையாது. ஐந்து நிமிட எபாக்ஸி வேண்டாம், ஒரு நாள் முழுக்க இறுகுகிற வகையை வாங்குங்கள். பழைய கட்டையில் வருஷக்கணக்கான துப்பாக்கி எண்ணெய் ஊறியிருக்கும், அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துளைக்குள் நாலைந்து முறை துடைத்துக் காயவிடாமல் எதை ஊற்றினாலும் ஒட்டாது. வெளிப்பூச்சில் மட்டும் அசிட்டோன் படக் கூடாது. எபாக்ஸி இறுகும் முன் அதற்குள் இறக்கும் ஸ்டட்டின் மரையில் மெழுகு தடவ மறந்தால் ஸ்டட் நிரந்தரமாக உள்ளேயே இருந்துவிடும். அப்படி ஆகிவிட்டால் பல்லைக் கடித்து முறுக்காமல், சால்டரிங் இரும்பின் முனையை ஸ்டட்டில் வைத்துச் சூடாக்கினால் எபாக்ஸி இளகும்.

புதுத் துளை போடுவதாக இருந்தால் மரைப் பகுதிக்கு 5/32 அங்குலம், மேலே மரையில்லாத கழுத்துக்கு மட்டும் 7/32. கழுத்துக்கு இடம் விடாததால்தான் நிறைய கட்டைகள் பிளக்கின்றன.

முன்பக்க ஸ்டட் கதை வேறு. அங்கே பெரும்பாலும் மெஷின் ஸ்க்ரூதான், குழல் படுத்திருக்கும் பள்ளத்தின் அடியில் நட்டு பதிந்திருக்கும். வெளியிலிருந்து முறுக்கிக்கொண்டே போனால் நட்டு உள்ளே சும்மா சுற்றும், இல்லையென்றால் ஸ்க்ரூவின் நுனி மேலே ஏறிக் குழலைத் தொடும். தொட்டால் குண்டு விழும் இடமே மாறிவிடும், ஆளோ ஸ்கோப்தான் கெட்டது என்று அதைத் திருகிக்கொண்டிருப்பார். கட்டையிலிருந்து குழலைக் கழற்றி நட்டைச் சரிசெய்யுங்கள், நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை அரத்தால் ராவிவிடுங்கள். திரும்பப் பூட்டியதும் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை இழுத்துப் பாருங்கள், முன்பு தடையில்லாமல் போன இடத்தில் இப்போது சிக்கினால் மறுபடி கழற்ற வேண்டியதுதான்.

பைபாட் (துப்பாக்கியைத் தாங்கும் இரட்டைக்கால்) மாட்டுபவர்கள் இந்த முன் ஸ்டட்டை வருஷம் ஒருமுறையாவது பாருங்கள். ஸ்லிங்கைவிட பைபாட்தான் நெம்பி நெம்பித் துளையைத் தளர்த்துகிறது.