புது வேலையில் முதல் மாதம்: விளங்காததற்குத் தலையாட்டாதீர்கள்

புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் என்ன உடுப்பது, மெனேஜரை எப்படிக் கூப்பிடுவது என்பதைத்தான். அதை இரண்டு நாளில் பார்த்தே பழகிவிடலாம். பேரைக் கெடுப்பது வேறு. விளங்காத விஷயத்துக்கு "ஓம் சேர், விளங்குது" என்று தலையாட்டுவது.

நானும் அதைத்தான் செய்தேன். மட்டக்களப்பு டவுனில் ஒரு கம்பனியின் கணக்குப் பகுதியில் சேர்ந்த முதல் வாரம், பற்றுச்சீட்டைச் சீட்டு எழுதிய திகதியில் பதிவதா, காசு வங்கிக்குப் போன திகதியில் பதிவதா என்பதை அங்கிருந்த அக்கா வேகமாகச் சொல்லிவிட்டுப் போனார், திரும்பக் கேட்டால் மக்கு என்று நினைப்பாரோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். மாதக் கடைசியில் வங்கிக் கூற்றோடு ஒன்றுமே பொருந்தவில்லை. அந்த அக்கா கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, இரவு ஏழரை வரை என்னோடு இருந்து அத்தனையையும் திருத்தினார். முதல் நாளே கேட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை. அதனால் ஒரு சின்னக் கொப்பி வைத்துக்கொள்ளுங்கள், சொல்வதை எழுதி, "நான் விளங்கினது இதுதான், சரியா அக்கா?" என்று வாசித்துக் காட்டுங்கள். முதல் முறை கேட்பது யாருக்கும் எரிச்சல் இல்லை, அதையே நாலாம் முறை கேட்பதுதான் எரிச்சல்.

நேரம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. களுவாஞ்சிக்குடியிலிருந்தோ கல்முனையிலிருந்தோ பஸ்ஸில் வருகிறவர்கள், சேருவதற்கு முன் ஒரு வேலை நாளில் அதே பஸ்ஸில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்த கணக்கு திங்கட்கிழமைக்கு உதவாது.

அப்புறம், எங்கள் பக்கத்தில் முதல் நாளே "எந்த ஊர் தம்பி, யாருட மகன்?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள், நீங்களும் அன்பாகச் சொல்லுங்கள். ஆனால் "மாமா கதைச்சுத்தான் இந்த வேலை கிடைச்சது" என்று தொடங்கிவிட்டால், பிறகு நீங்கள் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அது மாமாவின் கணக்கில்தான் போய்ச் சேரும்.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் இருக்கிற அலுவலகங்கள் இங்கே நிறைய, அம்பாறை டவுனுக்குப் போனால் சிங்களம்தான் அதிகம் காதில் விழும். வெள்ளி மதியம் ஜும்ஆவுக்குக் கிளம்புகிற நானாவை ஒரு கையொப்பத்துக்காக வாசலில் மறிக்காதீர்கள், காலையிலேயே வாங்கிவிடுங்கள். சிங்களம் சரியாக வராவிட்டாலும் தெரிந்த நாலு சொல்லைப் பிழையோடாவது பேசுங்கள். பக்கத்து மேசையில் ஒருவர் விளங்காமல் இருக்க, மற்றவர்கள் தமிழில் கதைத்துச் சிரிப்பது அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

எனக்கு மிகவும் மனவருத்தம் தருகிற தவறு ஒன்று இருக்கிறது. "இப்பவே கேட்டால் என்ன நினைப்பார்களோ" என்று நியமனக் கடிதத்தைக் கேட்காமல் விடுவது. கடைகளிலும் தனியார் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களுக்கு, வேலை விபரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 1954 ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது இபிஎப்புக்கு, உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடிப்பார்கள், முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 வீதமும் முழுக்க முதலாளியுடையது, அதை உங்கள் சம்பளத்தில் வெட்டக் கூடாது. இரண்டு மூன்று வருடம் உழைத்துவிட்டு, தன் பேரில் ஒரு சதமும் கட்டப்படவில்லை என்று அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேட்கிற விதம்தான் முக்கியம். எல்லார் முன்னிலையிலும் வேண்டாம், சம்பள நாளில் கோபத்தோடும் வேண்டாம். முதல் வாரத்தில் ஆள் ஆறுதலாக இருக்கிற நேரம் பார்த்து, அடையாள அட்டைப் பிரதியையும் கையில் கொண்டுபோய், "சேர், கடிதம் எப்ப கிடைக்கும், இபிஎப் பதிய இது காணுமா?" என்று கேளுங்கள்.