கோல்கீப்பரை முதலில் எடுக்கும் அண்ணனோடு லீக் நடத்துவது எப்படி?

மதுரை சிம்மக்கல்லில் நண்பர் வீட்டு மாடியில் கூடி, இங்கிலீஷ் பிரீமியர் லீக் கால்பந்தை வைத்து 2017 முதல் எட்டுப் பேர் ஃபேன்டசி டிராஃப்ட் ஆடுகிறோம். நிஜ வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்து ஆளுக்கொரு கற்பனை அணி அமைப்போம்; ஒருவர் எடுத்த வீரர் இன்னொருவருக்குக் கிடையாது. அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதைப் பொறுத்துப் புள்ளிகள். வாராவாரம் ஒருவர் அணி இன்னொருவர் அணியோடு மோதும். விதிகள் என் பொறுப்பு. எட்டுப் பேரில் ஒருவர் புதுமண்டபம் பக்கம் சுங்குடிச் சேலை விற்கும் அண்ணன். ஒவ்வோர் ஆகஸ்டிலும் முதல் சுற்றிலேயே கோல்கீப்பரை எடுப்பார். காயம்பட்ட வீரரை விடுவிக்கவே மாட்டார். "அடிபட்டுக் கிடக்கிறவனை எப்படித் தம்பி விடுவது?" என்பார். இப்படி ஒருவர் உங்கள் லீக்கிலும் இருந்தால், அவரை வெளியே அனுப்பாதீர்கள். விதிகளைச் சரியாக எழுதுங்கள்.

அவர் செய்வது அவருக்கு மட்டும் நஷ்டமா, அடுத்தவர் ஆட்டத்தையும் கெடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோல்கீப்பர் விஷயம் அவர் நஷ்டம்தான். எட்டுப் பேருக்கும் ஆளுக்கு மூன்று ஃபார்வர்டு, அதாவது முன்வரிசையில் ஆடுபவர்கள், என்றால் 24 பேர் தேவை. இருப்பதோ 20 கிளப், அவற்றில் பலவும் ஒரே ஒரு ஃபார்வர்டோடு ஆடுபவை. கோல்கீப்பருக்கு அந்தத் தட்டுப்பாடு இல்லை. இதை ஒருமுறை சொல்லலாம். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

காயம்பட்டவர்கள் விஷயம் அப்படியல்ல. ஒரு பருவத்தில் அண்ணனிடம் ஐந்து பேர் காயத்தில் இருந்தார்கள். பதினொருவர் தேறவில்லை. அந்த வாரம் அவரை எதிர்த்தவருக்கு வெற்றி சும்மா கிடைத்தது. புள்ளிப் பட்டியலில் அந்த எதிராளிக்கு அடுத்திருந்தவர் கொதித்துப்போனார். பதினைந்து பேர் கொண்ட அணியில், பெஞ்சில், அதாவது மாற்று ஆட்களுக்கான இடத்தில், கோல்கீப்பர் போக மூன்று இடம்தான். அதனால் மூன்று காயக்காரர்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று விதி போட்டோம். இதை எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். நான் மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் கடைக்கே போய்ச் சொன்னேன். அண்ணன் ஒப்புக்கொண்டார்.

வீரர் பரிமாற்றத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். எங்கள் லீக்கிலேயே ஆடும் தன் மைத்துனரின் பிறந்தநாளன்று, அவருக்குத் தன் சிறந்த ஃபார்வர்டைக் கொடுத்துவிட்டு, களமே இறங்காத ஒருவரை வாங்கிக்கொண்டார் அண்ணன். பாசம் உண்மையானதுதான், ஆனால் மற்ற ஆறு பேருக்கும் அது அநியாயம். இப்போது அந்த ஆறு பேரில் நான்கு பேர் மறுத்தால் பரிமாற்றம் செல்லாது.

நேரத்தையும் நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும். சனிக்கிழமை முதல் ஆட்டம் இங்கிலாந்தில் 12.30க்கு என்றால் நமக்கு மாலை 5 மணி. அணியை 90 நிமிடம் முன்பே, 3.30க்குள் முடிக்க வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரம் மாறியபின் இந்தக் கெடு 4.30. தீபாவளி நெருக்கத்தில் அண்ணனுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. வெள்ளிக்கிழமையே போன் செய்துவிடுகிறேன். சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்குக் கிளம்பினால் போனையும் எடுக்கமாட்டார். பருவத்தின் கடைசி வாரங்கள் அவை. ஆடாதவருக்குப் பதில் பெஞ்ச் வரிசைப்படி ஆள் தானாக இறங்கிவிடும் என்பதால், நிச்சயம் ஆடக்கூடியவரைப் பெஞ்சில் முதலில் வைக்கச் சொல்லுங்கள்.

பணம் வேண்டாம். கடைசியில் வருபவர் மற்றவர்களுக்குக் கறிதோசை வாங்கித் தருவது எங்கள் வழக்கம்.

முழங்கால் தசைநார் கிழிந்த ஒரு மிட்ஃபீல்டரை ஒரு பருவம் முழுக்க அண்ணன் வைத்திருந்தார். அடுத்த ஆகஸ்டில் அணிகள் கலைந்து புதிதாகத் தேர்வு நடந்தது. முதல் சுற்றில் கோல்கீப்பரை எடுத்தார். இரண்டாம் சுற்றில் அதே மிட்ஃபீல்டரின் பெயரைச் சொன்னார்.