வீட்டுக் குடிநீர் வடிகட்டி: தண்ணீரை அறிந்து வாங்குவதும் தவறாமல் பேணுவதும்

யாங்கூனில் ஒரே தெருவில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று வீடுகளில் மூன்று விதமான தண்ணீர் இருக்கும். ஒரு வீட்டுக்கு மாநகராட்சிக் குழாய் வரும். அடுத்த வீட்டில் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றுவார்கள். மூன்றாவது வீட்டில் புழங்குவதற்கு ஒரு தண்ணீரும் குடிப்பதற்கு இருபது லிட்டர் கேனும் இருக்கும். ஆகவே, பக்கத்து வீட்டில் நன்றாக ஓடுகிறது என்பதற்காக அதே கருவியை நாமும் வாங்கிவிட முடியாது. கடைக்குப் போவதற்கு முன், நம் வீட்டுக்கு வருவது எந்தத் தண்ணீர், அதில் என்ன கெடுதல் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் நீர்த்தேக்கங்களிலிருந்து வருவது. ஹ்லோகா நீர்த்தேக்கம் 1904 முதலும் ஜோப்யூ 1940 முதலும் இந்த நகரத்துக்குத் தண்ணீர் தந்துகொண்டிருக்கின்றன. மற்றவை பிற்பாடு சேர்ந்தவை. இவை மழைநீர் தேங்கிய நீர்நிலைகள் என்பதால் உப்பு குறைவாகவே இருக்கும். இந்தத் தண்ணீரில் உள்ள தொல்லை கலங்கலும் கிருமியும்தான். குழாயில் தண்ணீர் நின்று நின்று வரும்போது, அழுத்தம் குறைகிற நேரத்தில், மண்ணுக்குள் வெடித்துப்போன இடங்கள் வழியே சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வரிசையாக வீடு வீடாகப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இப்படிப்பட்ட தண்ணீருக்கு, மெல்லிய சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் விலை உயர்ந்த ஆர்.ஓ. கருவி தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. வண்டலைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று, கிருமியைத் தடுக்கும் அமைப்பு ஒன்று, வாடைக்குக் கரி வடிகட்டி ஒன்று ஆகியவை போதும்.

ஆழ்குழாய்க் கிணற்றின் கதை வேறு. நாங்கள் தன்லியினில், பெரியவர்கள் இன்னமும் சிரியம் என்றே சொல்லும் ஊரில், வீடு மாறிய ஆண்டு ஒரு கடைக்காரர் வந்து, எங்கள் தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், ஐந்து கட்ட ஆர்.ஓ. கருவியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். மூன்றாவது வாரமே முதல் கூட்டிலிருந்த, கழற்றி மாற்றும் வெள்ளை வடிகட்டி உருளையான கார்ட்ரிட்ஜ் செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டது. ஆறு மாதத்துக்குள் மெம்பரேன் எனப்படும் அந்தச் சவ்வு அடைத்துக்கொண்டு, ஒரு சொம்பு தண்ணீர் சேர அரை மணி நேரம் ஆனது. குற்றம் கருவியில் இல்லை. எங்கள் கிணற்றில் இரும்புச் சத்து மிகுதி. அதை முதலில் கண்டுபிடித்தவர் என் மாமியார். பாலில்லாத தேநீரை அந்தத் தண்ணீரில் போட்டால் மை கரைத்தது போலக் கறுத்துவிடுகிறது என்று அவர் பல நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அந்தக் கறுப்பு வரும். நீங்களும் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். அதோடு, கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து இரவு முழுவதும் திறந்து வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்த தண்ணீரின் அடியில் காலையில் துரு படிந்திருந்தால், அது இரும்பு. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியிலும் பாத்திரத்திலும் கறை பிடிக்கத் தொடங்கும்.

இதற்குத் தீர்வு கடினமானதன்று. மேல்தொட்டிக்குள் விழும் குழாயின் நுனியில் துளைகள் போட்டு, தண்ணீரை மழைபோலச் சிதறி விழச் செய்தால் காற்று பட்டு இரும்பு துருவாகத் திரளும். ஓர் இரவு தேங்கவிட்டு, மணல் வடிகட்டி வழியே இறக்கினால் பெரும்பகுதி நின்றுவிடும். அதன் பிறகுதான் மற்ற வடிகட்டி எதையும் பொருத்த வேண்டும்.

இரும்பாவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆர்செனிக் தெரியாது. அதற்கு நிறமும் மணமும் சுவையும் இல்லை. ஐராவதி டெல்டாவின் ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் அது இருப்பது பல ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் குடித்தால் தோலில் கரும்புள்ளியும் தடிப்பும் ஏற்படும், புற்றுநோய்க்கும் இடமுண்டு. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஆர்செனிக் போய்விடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்; தயவுசெய்து அப்படி நம்ப வேண்டாம். கொதிக்கும்போது தண்ணீர்தான் ஆவியாகும், நஞ்சு அப்படியே தங்கி இன்னும் அடர்த்தியாகும். ஆகவே டெல்டாப் பகுதியில் கிணற்று நீரைக் குடிக்கிற ஒவ்வொரு வீடும் ஒருமுறையாவது ஆய்வகத்தில் ஆர்செனிக் சோதனை செய்துகொள்ள வேண்டும். மாந்தளைப் பக்கம், வறண்ட நிலப்பகுதியில் இருப்பவர்கள் உப்பையும் ஃபுளோரைடையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது நல்லது. யாங்கூனுக்கு ஆற்றின் அக்கரையிலுள்ள டாலாவில் கோடையில் குளம் வற்றி மக்கள் குடத்தோடு வரிசையில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, ஆற்றோர நிலத்தடி நீர் எவ்வளவு உவர்ப்பானது என்று சொல்லத் தேவையில்லை.

விற்க வருகிறவர்கள் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் விட்டு எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவது வழக்கம். அந்தக் கருவி கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை மட்டுமே சொல்லும். லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் குடிக்கச் சுவையில் குறையில்லை. 1000-ஐத் தாண்டினால் குடிக்கச் சுவைக்காது. ஆனால், எண் 50 என்று காட்டும் தண்ணீரில் காலராக் கிருமி இருக்கலாம், ஆர்செனிக்கும் இருக்கலாம்.

உப்பு, ஆர்செனிக், ஃபுளோரைடு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மிகுந்திருந்தால் மட்டும் ஆர்.ஓ. வாங்குங்கள். அது ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று நான்கு லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளும் என்பதை நினைவில் வைத்து, அந்தக் குழாயைச் சாக்கடையில் விடாமல் ஒரு வாளியில் பிடித்துத் தரை துடைக்கப் பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. பொருத்திய பிறகும் ஆர்செனிக் குறைந்திருக்கிறதா என்று வெளிவரும் தண்ணீரை மீண்டும் சோதிக்க வேண்டும். ஆர்செனிக்கில் ஒரு வகை மெம்பரேனைத் தாண்டி எளிதில் வந்துவிடும்.

யு.வி. எனப்படும் புற ஊதாக் கதிர் விளக்கு கிருமியைக் கொல்லும். ஆனால் கலங்கலான தண்ணீரில் ஒளி ஊடுருவாது, மின்சாரம் நின்றால் வேலையே இல்லை. மின்சாரம் முறை வைத்து வருகிற நம் ஊரில் இது சிறு குறையன்று. விளக்கு அணைந்திருக்கும்போது தண்ணீர் வராமல் தானே அடைத்துக்கொள்ளும் வால்வு உள்ள கருவியாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் யு.எஃப். எனப்படும் மெல்லிய இழை வடிகட்டி மேல். பாக்டீரியாவைத் தடுக்கும் அந்த வடிகட்டிக்கு மேல்தொட்டியின் அழுத்தமே போதும்.

உப்பும் ஆர்செனிக்கும் ஃபுளோரைடும் இல்லாத தண்ணீருக்கு நான் மனதாரப் பரிந்துரைப்பது மண்பானை வடிகட்டி. களிமண்ணோடு உமியைக் கலந்து வனைந்து சூளையில் வைத்தால் உமி எரிந்துபோய் நுண்ணிய துளைகள் நிற்கும். அதன்மேல் வெள்ளிக் கரைசல் பூசுவார்கள். பானைக்குப் பேர்போன துவாந்தே நம் யாங்கூனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மணிக்கு ஒன்று முதல் இரண்டரை லிட்டர் வடிவதே சரியான வேகம். நன்றாக ஊறிய பானை நிறையத் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் பாருங்கள்; மூன்று லிட்டருக்கு மேல் வடிந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது, அதை வாங்க வேண்டாம். விரலால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். வடிவது மெதுவானால், உட்புறத்தை மட்டும் மென்மையான பிரஷ்ஷால், வடிகட்டிய தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். சோப்பு கூடாது. பானையைக் கழுவும்போது அதன் அடிப்பாகத்தைத் தரையில் வைக்காதீர்கள். தரையிலுள்ள கிருமி நேரே குடிநீரில் இறங்கும்.

கார்ட்ரிட்ஜ் கருவி வைத்திருப்பவர்களுக்குப் பராமரிப்புதான் பெரிய வேலை. கூட்டின்மேல் மாற்றிய தேதியை மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள். நினைவை நம்ப வேண்டாம். வண்டல் கார்ட்ரிட்ஜ் மூன்று முதல் ஆறு மாதம், கரி ஆறு மாதம் முதல் ஓராண்டு, யு.வி. விளக்கு ஓராண்டு, ஆர்.ஓ. மெம்பரேன் இரண்டு மூன்று ஆண்டு. யு.வி. விளக்கு ஓராண்டுக்குப் பிறகும் நீலமாக எரியும்; ஆனால் கிருமியைக் கொல்லும் வலு அதில் குறைந்திருக்கும். கரியை மாற்றாமல் விட்டால் அதுவே கிருமி வளரும் இடமாகிவிடும். மெம்பரேனுக்கு மட்டும் டி.டி.எஸ். மீட்டர் உதவும்: உள்ளே 600, வெளியே 40 என்றால் நன்றாக இருக்கிறது, வெளியே 120-ஐத் தாண்டினால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

மாற்றும்போது, வரும் தண்ணீரை அடைத்து, அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுக் கூட்டைத் திருகுங்கள். உள்சுவரை விரலால் தடவிப் பார்த்தால் பாசிபோல வழவழப்பாக இருக்கும். கிருமி குடியிருப்பது அந்த வழவழப்பில்தான். மென்மையான ஸ்பாஞ்சால் கழுவி, நான்கு லிட்டர் தண்ணீரில் வாசனை சேர்க்காத ஐந்து சதவீத பிளீச்சிங் திரவம் ஒரு தேக்கரண்டி கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். கரியையும் மெம்பரேனையும் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். குளோரின் பட்டால் மெம்பரேன் கெட்டுவிடும். ரப்பர் வளையத்தைத் துடைத்து, உணவுத்தர சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். வாசலின் தடவினால் ரப்பர் ஊதிப்போய்க் கசியும். புதுக் கரியில் வரும் கறுப்புத் தூள் நிற்கும்வரை ஓடவிடுங்கள், ஆர்.ஓ. மெம்பரேன் புதிது என்றால் முதல் இரண்டு தொட்டியைக் கொட்டிவிடுங்கள். இந்தியாவுக்குப் போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்புகிறவர்களும் குடிப்பதற்கு முன் இந்தச் சுத்தம் அத்தனையும் செய்ய வேண்டும்.

மேல்தொட்டியைச் சித்திரைப் பிறப்புக்கு ஒருமுறையும் தீபாவளிக்கு ஒருமுறையும் கழுவினால், மழை தொடங்குமுன் ஒன்றும் மழை ஓய்ந்தபின் ஒன்றும் என்று கணக்கு சரியாக வரும்.

வடிகட்டிய தண்ணீரை எதில் வைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். வழிப்போக்கர்களுக்காகப் பர்மியர்கள் தெருவோரம் வைக்கும் தண்ணீர்ப் பானைகளில் மூடியும் அதன்மேல் குவளையும் இருக்கும். நம் தண்ணீர்ப் பந்தலின் அதே அறம். வீட்டில் அந்தக் குவளையும் வேண்டாம். அடியில் குழாய் வைத்த, மூடி இறுகும் பாத்திரமாக இருந்தால் யாருடைய கையும் உள்ளே போகாது. வாரம் ஒருமுறை அதைக் காலி செய்து, கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்த பிறகு நிரப்புங்கள்.