புன்னட் கட்டம்: நெடிலும் குறிலும் வைத்துப் போடும் முறை

பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு எந்த வாய்ப்பில் வரும் என்று கணக்கிடும் அட்டவணைதான் புன்னட் கட்டம். அல்லீல் (ஒரு ஜீனின் மாற்று வடிவம்), கேமீட் (பாலணு), ஓங்கு பண்பு (அதன் அல்லீல் ஒன்று இருந்தாலே வெளிப்படுவது), ஒடுங்கு பண்பு (அதன் அல்லீல் இரண்டும் இருந்தால்தான் வெளிப்படுவது) ஆகியவற்றைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதனால் நேராகக் கட்டத்துக்குப் போகலாம். நம் செடி, மரபியலின் முன்னோடி மெண்டல் ஆராய்ந்த பட்டாணி. விதையில் மஞ்சள் ஓங்கியது, பச்சை ஒடுங்கியது.

முதலில் குறியீடு. நான் ஓங்கு அல்லீலுக்கு நெடிலும், ஒடுங்கு அல்லீலுக்கு அதே எழுத்தின் குறிலும் போடுகிறேன். மஞ்சள் ஆ, பச்சை அ. ஆங்கிலத்தில் சி, எஸ் போன்ற எழுத்துகளை எடுத்தால் பெரியதும் சிறியதும் கையெழுத்தில் ஒன்றுபோலவே தெரியும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

பென்சிலும் கட்டம் போட்ட கணக்கு நோட்டும் போதும். விடையைத் தானே நிரப்பித் தரும் இணையக் கணிப்பான்களைக் கை பழகும்வரை தொடாதீர்கள்.

1. பெற்றோர் இருவரும் ஆஅ என்று வைத்துக்கொள்வோம்.

2. ஒருவரின் கேமீட்களை மேலேயும் மற்றவருடையதை இடப்பக்கமும் எழுதுங்கள். ஒரு தலைப்பில் ஓர் எழுத்துதான் வரும்.

3. நெடில் முன்னால் வரும்படி கட்டங்களை நிரப்புங்கள்.

|   | ஆ | அ |
|---|---|---|
| ஆ | ஆஆ | ஆஅ |
| அ | ஆஅ | அஅ |

ஜீனாக்கம் (அல்லீல்களின் சேர்க்கை) ஆஆ, ஆஅ, அஅ என்ற வரிசையில் 1:2:1. நெடில் ஒன்று இருந்தாலே மஞ்சள் என்பதால் புறத்தோற்றம் (வெளியே தெரியும் பண்பு) 3:1. மெண்டல் எண்ணியபோது 6022 மஞ்சள், 2001 பச்சை கிடைத்தன.

நான்கு கட்டங்கள் என்றால் நான்கு பிள்ளைகள் என்று பொருளல்ல. கட்டம் சொல்வது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக உள்ள வாய்ப்பை. பெற்றோர் இருவரும் பீட்டா தலசீமியா என்ற ஒடுங்கு வகை இரத்த நோயைக் கடத்துபவர்கள் (ஆஅ போல, நோய்க்கான அல்லீல் ஒன்று மட்டும் உள்ளவர்கள்) என்றால் ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்த மூவருக்கு வராது என்று கணக்குப் போடக்கூடாது.

4. இரண்டு பண்புகள். பலரும் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். நிறத்தோடு விதையின் வடிவத்தையும் சேர்ப்போம்: உருண்டை ஊ, சுருக்கம் உ. பெற்றோர் ஆஅஊஉ. தலைப்பில் என்ன எழுதுவது? ஆஅ, ஊஉ என்று இரண்டாக வெட்டினால் எல்லாம் கெட்டுவிடும். ஒவ்வொரு கேமீட்டிலும் நிறத்துக்கு ஒன்று, வடிவத்துக்கு ஒன்று இருந்தாக வேண்டும். முதலில் ஆ-வைப் பிடித்து ஊ, உ இரண்டோடும் சேருங்கள். பிறகு அ-வை அப்படியே. ஆஊ, ஆஉ, அஊ, அஉ என நான்கு கிடைக்கும். ஒரு தலைப்பில் ஆ, அ இரண்டும் சேர்ந்து நின்றால் அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

இனி 16 கட்டங்களையும் நிரப்பினால் மஞ்சள் உருண்டை, மஞ்சள் சுருக்கம், பச்சை உருண்டை, பச்சை சுருக்கம் என்ற வரிசையில் 9:3:3:1 வரும். தேர்வில் கேட்டால் நிரப்பித்தான் ஆக வேண்டும். மற்ற நேரத்தில் எனக்கு அதில் விருப்பமில்லை. சிறு கட்டம் இரண்டு போட்டுப் பெருக்கிவிடுவேன்: பச்சை 1/4, சுருக்கம் 1/4, இரண்டும் சேர்ந்து 1/16. மெண்டலின் 556 விதைகளில் அப்படி இருந்தவை 32. கணக்குப்படி ஏறத்தாழ 35. மூன்று பண்புகள் என்றால் கட்டம் 64 ஆகிவிடும், அங்கே பெருக்கல்தான் கதி.

பின்சேர்க்கை: எந்த இரண்டு பண்புக்கும் 9:3:3:1 வருமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வராது. இரு ஜீன்களும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருந்தால் நான்கு வகைக் கேமீட்களும் சம அளவில் உருவாகாது. இனிப்புப் பட்டாணியின் பூ நிறத்தையும் மகரந்த வடிவத்தையும் கலந்து பார்த்தபோது இந்த விகிதம் பிசகுவதைக் கண்டவர்களில் மரபியலாளர்கள் பேட்சன், சாண்டர்ஸ் ஆகியோரோடு, இந்தக் கட்டத்துக்குப் பெயர் தந்த புன்னட்டும் ஒருவர்.