குடல் தழும்புக்கு எம்ஆர்ஐ: நாங்கள் செய்த தவறுகள்

குடியாத்தத்திலிருந்து முதல் பஸ் பிடித்துத் தம்பியை வேலூருக்கு ஸ்கேனுக்கு அழைத்துப் போனேன். அவனுக்கு க்ரோன் நோய், அதாவது குடலில் வீக்கமும் புண்ணும் வந்து நீண்ட நாள் படுத்தும் நோய். சாப்பிட்டால் வயிறு உப்பி வலிக்கும். சிறுகுடல் தழும்பேறிச் சுருங்கிவிட்டதா, வெறும் வீக்கமா என்று பார்க்கத்தான் எம்ஆர்ஐ.

பெரிய தவறு குடிக்கிற விஷயத்தில். படத்தில் குடல் விரிந்து தெரிவதற்காக, ஸ்கேனுக்கு முன் ஒன்று, ஒன்றரை லிட்டர் கரைசலை ஒரு மணி நேரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடிக்க வேண்டும். குமட்டுகிறது என்று அவன் பாதியில் கிளாஸைக் கீழே வைத்தான். நானும் "போதும் விடுடா" என்றேன். நிரம்பாத குடல் மடிந்து ஒட்டிக்கொள்ளும். அந்த இடம் படத்தில் சுவர் தடித்தது போலவே தெரியும். மறுபடி ஒரு நாள் வந்து எடுக்க வேண்டியதாயிற்று. முடியவில்லை என்றால் பேசாமல் வைத்துவிடாதீர்கள், அங்கே இருப்பவர்களிடம் சொல்லுங்கள். வாந்தியோ அடைப்போ இருந்தால் குடிக்கும் முன்பே சொல்ல வேண்டும்.

அடுத்தது, ரிப்போர்ட்டில் 'ஸ்ட்ரிக்சர்' (குடல் சுருக்கம்) என்ற சொல்லைப் பார்த்ததும் ஆபரேஷன்தான் என்று முடிவு கட்டியது. அம்மா அன்றிரவு சாப்பிடவே இல்லை. வீங்கிய சுவரில் நீர் கோத்திருப்பதால் டி2 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் வெளுப்பாகத் தெரியும். தழும்பேறிய சுவர் மங்கலாக இருக்கும். படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்தையும் அது மெல்ல மெல்லத்தான் வாங்கும். ஆனால் பெரும்பாலும் இரண்டும் ஒரே இடத்தில் கலந்தே கிடக்கும். வழக்கமான எம்ஆர்ஐ மட்டும் வைத்துத் தழும்பு எவ்வளவு என்று அளந்து சொல்லிவிட முடியாது. சுருக்கத்துக்கு முன்னால் குடல் 3 செ.மீ.க்கு மேல் விரிந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். அடைப்பு எவ்வளவு என்பதற்கு அது முக்கியமான அடையாளம். வீக்கம் இருந்தால் மருந்துக்குக் குறையவும் வாய்ப்புண்டு. அதனால் பயந்துபோய் மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள்.

நம் பக்கம் குடல் காசநோயும் உண்டு. அதுவும் சிறுகுடல் முடிகிற இடத்தில்தான் அதிகம் சுருக்கும், படத்தில் க்ரோன் மாதிரியே இருக்கும். எனவே கொலனாஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து துளி சதை எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னால், "அதான் ஸ்கேன் எடுத்தாச்சே" என்று மறுக்காதீர்கள்.

பேஸ்மேக்கர், உடம்பில் உலோகம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடியும் வேண்டும்.

அப்புறம், ஸ்கேன் முடிந்த கையோடு பஸ் ஏறாதீர்கள். குடித்த கரைசல் பேதியாகும். பள்ளிகொண்டா வருவதற்குள் தம்பி பட்ட பாட்டைப் பார்த்து, அடுத்த முறை ரெண்டு மணி நேரம் அங்கேயே, கழிப்பறைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்பினோம்.